வங்காளம் காணாத பெங்காலஸ்

கனடாவில், ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் பின்வளவுள்ள வீடுகளில் பறவைகளுக்குத் தீனிக்கூடு தொங்கவிடுவோர் பலர். சூரியகாந்தி விதை போட்டால் நெற்றியும் நெஞ்சும் சிவந்த ஒரு சின்னக் குருவி வந்து உட்காரும். பறவைக் கையேட்டில் அதன் பெயர் ‘ஹவுஸ் ஃபின்ச்’. கோடையில் பளிச்சென்ற மஞ்சளில் வருவது ‘அமெரிக்கன் கோல்ட்ஃபின்ச்’. செல்லப்பிராணிக் கடைக்குப் போனால் கூண்டுக்குள் செம்மஞ்சள் அலகோடு ‘ஸீப்ரா ஃபின்ச்’ விடாமல் கத்திக்கொண்டிருக்கும். கூண்டுப்பறவை வளர்ப்பவர்கள் ஆசைப்பட்டுத் தேடும் இன்னொரு ‘ஃபின்ச்’சும் உண்டு. அது ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. மண்நிற முதுகு, வான்நீல வயிறு, ஆணின் கன்னத்தில் மட்டும் ஒரு கருஞ்சிவப்புத் திட்டு. மொத்த நீளம் 13 சென்டிமீட்டரைத் தாண்டாது. எடை ஏறக்குறைய 10 கிராம். அறிவியல் பெயர் யூரேஜிந்தஸ் பெங்காலஸ்.

அந்தப் பெயரில்தான் புதிர் இருக்கிறது. ‘பெங்காலஸ்’ என்றால் வங்காளத்துக்குரியது என்று பொருள். ஆனால் இந்தக் குருவி வாழ்வது மேற்கே செனகலில் தொடங்கிக் கிழக்கே எதியோப்பியா வரையும், தெற்கே தான்சானியா, சாம்பியா வரையும். கங்கைக் கழிமுகத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. இது ஆராய்ச்சியாளர்களுக்கு நீண்டகாலமாகத் தெரிந்த பிழைதான். ஆனாலும் 1766இல் வைத்த பெயர் இன்றும் ஓர் எழுத்து மாறாமல் இருக்கிறது.

நமக்குப் பழக்கமான பறவையிலும் இதே கதை உண்டு. தமிழ்நாட்டு நெல்வயல்களிலும் இலங்கை வயல்களிலும் கூட்டமாக இறங்கிக் கதிர் உருவும் கருந்தலைச் சில்லையை ஊரில் வயல் பார்த்து வளர்ந்தவர்கள் கண்டிருப்பார்கள். கரிய தலை, செங்காவி முதுகு, வெள்ளை வயிற்றின் நடுவே ஒரு கறுப்புப் பட்டை. அதன் அறிவியல் பெயர் லோங்குரா மலாக்கா. அதன் இயல்பான வாழிடம் இந்தியாவும் இலங்கையும். மலாக்கா அதில் இல்லை. அதற்கும் அந்தப் பெயர் 1766இலேயே வந்தது.

தொடக்கத்தில் சொன்ன நான்கு பறவைகளுக்கும் ‘ஃபின்ச்’ என்று பெயர் இருப்பதால் அவை உறவினர்களா? பிழை என்று தெரிந்த பெயரை அறிவியல் ஏன் விட்டுவைக்கிறது? இந்த இரண்டு கேள்விகளும் ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன. ஒரு பெயர் எதற்காக இருக்கிறது, எதற்காக இல்லை என்பதே அந்த இடம்.

பிழை எங்கே நுழைந்தது என்று முதலில் பார்ப்போம். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பியத் துறைமுகங்களுக்கு உலகின் எல்லாத் திசைகளிலிருந்தும் பறவைகள் வந்து இறங்கின. சில உயிரோடு கூண்டில் வந்தன. சில பாடம் செய்த தோலாக வந்தன. இந்தியாவுக்குப் போய்த் திரும்பும் கப்பல் வழியில் ஆப்பிரிக்கக் கரையிலும் நிற்கும். கப்பலில் வந்த பறவை எந்தக் கரையில் ஏறியது என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை என்றால், கப்பல் வந்த ஊரே பறவையின் ஊராகிவிடும். பாரிஸில் செல்வர் ரேயோமூரின் சேகரிப்பைப் பராமரித்த மத்துரன் பிரிசோன், 1760இல் ஆறு தொகுதிகளாகப் பறவையியல் நூல் ஒன்றை வெளியிட்டார். இறகு இறகாகப் பார்த்து எழுதிய நூல் அது. நம் நீலக்குருவியும் அதில் இருந்தது. அந்த மாதிரி வங்காளத்திலிருந்து வந்ததாக அவர் நம்பினார். ‘பெங்காலி’ என்று பிரெஞ்சிலும் ‘பெங்காலஸ்’ என்று லத்தீனிலும் பெயர் எழுதினார்.

ஸ்வீடனில் கார்ல் லின்னேயஸ் 1766இல் தம் ‘சிஸ்டமா நேச்சுரே’ நூலின் 12ஆம் பதிப்பைக் கொண்டுவந்தபோது, பிரிசோனின் நூலிலிருந்து 240 பறவைகளை எடுத்துச் சேர்த்தார். அவற்றில் இதுவும் ஒன்று. பெயர் ஃபிரிஞ்சில்லா பெங்காலஸ் ஆயிற்று. உயிரினத்துக்கு இரண்டு சொல்லில் பெயர் வைப்பது லின்னேயஸ் நிலைநிறுத்திய முறை. முதற்சொல் பேரினம், இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்கள் இதைச் சாதி என்று அறிவார்கள். இரண்டாம் சொல் அந்தப் பேரினத்துக்குள் இந்த இனத்தைத் தனித்துக் காட்டுவது. பாரிஸில் ஒரு சீட்டில் இருந்த பிழை, இப்படி உலகம் முழுதும் பயன்படும் பெயராகப் பதிவாகிவிட்டது.

அது பிழை என்று எப்படித் தெரியும்? ஒரு பறவை ஓரிடத்தில் இருக்கிறது என்று காட்ட ஒரு மாதிரி போதும். இல்லை என்று சொல்லத்தான் நெடுங்காலத் தேடல் வேண்டும். வங்காளத்தில் அந்தத் தேடல் நடந்தது. கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகத்தை 1841 முதல் எட்வர்டு பிளைத் இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். அவருக்குப் பின் வந்தவர்கள் இந்தியத் துணைக்கண்டத்தின் பறவைகளைத் தொகுதி தொகுதியாகப் பட்டியலிட்டார்கள். சாலிம் அலியும் டில்லன் ரிப்ளியும் எழுதிய பத்துத் தொகுதிக் கையேடு அந்த உழைப்பின் உச்சம். துணைக்கண்டத்துச் சில்லைகள் அத்தனையும் அதில் உண்டு. நம் நீலக்குருவி அங்கே இயல்பாய் வாழ்வதாக அதில் இல்லை. மறுபக்கம், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து சரியான ஊர்ச்சீட்டோடு வந்த மாதிரிகள் பிரிசோன் விவரித்த பறவையோடு பொருந்தின. ஒரு பெயர் முதன்முதலில் எந்த இடத்துப் பறவைக்கு வைக்கப்பட்டது என்பதை ‘வகையிடம்’ என்போம். பெங்காலஸின் வகையிடம் செனகல் என்று திருத்தப்பட்டது.

இடத்தைத் திருத்தினார்கள்; பெயரைத் திருத்தவில்லை. இது சோம்பலால் நேர்ந்ததன்று. விலங்குகளின் அறிவியல் பெயர்களுக்கு உலகம் முழுவதும் ஒரே விதித்தொகுப்பு இருக்கிறது. அதைக் காக்கும் பன்னாட்டு ஆணையம் 1895இல் அமைந்தது. லின்னேயஸின் 10ஆம் பதிப்பு வெளிவந்த 1758ஐத் தொடக்கமாக வைத்து, ஓர் இனத்துக்கு முதலில் முறையாக வெளியான பெயரே செல்லும் என்கிறது முந்துரிமை விதி. பெயரின் பொருள் பொருந்தவில்லை என்பதற்காக அதை நீக்க முடியாது என்றும் அந்த விதித்தொகுப்பு தெளிவாகச் சொல்கிறது. காரணம் எளிது. பொருள் தவறும்போதெல்லாம் பெயரை மாற்றலாம் என்று ஒருமுறை அனுமதித்துவிட்டால், 1766இல் எழுதியதும் 1900இல் எழுதியதும் இன்று எழுதுவதும் ஒரே பறவையைப் பற்றியவைதானா என்று யாருக்கும் தெரியாமற் போகும்.

கதிர்காமநாதன் என்ற பெயரை நினைத்துப் பாருங்கள். அந்தப் பெயருள்ள ஒருவர் ஸ்காபரோவில் பிறந்து மல்வேர்னில் படித்தவராக இருக்கலாம். கதிர்காமத்தை அவர் கண்டதே இல்லாமலும் இருக்கலாம். அதற்காக யாரும் அவர் பெயர் பிழை என்று சொல்வதில்லை. அந்தப் பெயர் ஒரு மனிதரைச் சுட்டுகிறது, அவ்வளவே. அவருடைய கனடாப் பத்திரங்களில் குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் தவறான பெயர் விழுந்திருந்தால், உண்மை தெரிந்த அன்று அந்தக் கட்டத்தைத் திருத்துவார்கள். கதிர்காமநாதன் கதிர்காமநாதனாகவே இருப்பார். அறிவியல் பெயரின் இரண்டு சொற்களும் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. இரண்டாம் சொல் ஒருமுறை வைத்தால் நிலைத்துவிடும். உறவைச் சொல்லும் முதற்சொல்லோ, உறவைப் பற்றிய நம் அறிவு திருந்தும்போது மாறும்.

பெங்காலஸின் முதற்சொல் அப்படியே மாறியது. லின்னேயஸ் காலத்தில் ஃபிரிஞ்சில்லா என்பது விதை கொறிக்கும் சிறு பறவைகள் எல்லாவற்றையும் அடக்கிய பெரிய பேரினம். தடித்த கூம்பலகு இருந்தால் போதும், அதற்குள் இடம் கிடைத்தது. பெர்லின் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஜான் கபானிஸ், 1851இல் ஆப்பிரிக்க நீலக்குருவிகளுக்குத் தனிப் பேரினம் வகுத்தார். அதுதான் யூரேஜிந்தஸ். வால் என்னும் கிரேக்கச் சொல்லையும் ஏதோ ஒரு சிறு குருவியைக் குறித்த பழஞ்சொல்லையும் சேர்த்த பெயர். தமிழில் நான் நீலச்சில்லை என்கிறேன். இன்று இந்தப் பேரினத்தில் மூன்று இனங்கள்: செங்கன்ன நீலச்சில்லையான பெங்காலஸ், தலை முழுதும் நீலமான நீலத்தலை நீலச்சில்லை, தெற்கே வாழும் அங்கோலா நீலச்சில்லை. நூல்களில் பெங்காலஸின் முழுப்பெயருக்குப் பின்னால் (லின்னேயஸ், 1766) என்று அடைப்புக்குறிக்குள் இருக்கும். அந்த அடைப்புக்குறிக்கு ஒரு வேலை உண்டு. பெயர் வைத்தவர் இதை வேறு பேரினத்தில் வைத்திருந்தார், பின்னால் இடம் மாறியது என்பதற்கு அது அடையாளம்.

பேரினத்தை எந்தச் சான்றை வைத்துப் பிரிப்பது? அலகு நம்பத்தக்கதன்று. ஒரே தொழில் செய்யும் உடல்கள், உறவே இல்லாவிட்டாலும் ஒரே வடிவத்துக்கு வரும். விதையை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். அதனால் தனித்தனிக் கிளைகளில் தடித்த அலகு தோன்றியிருக்கிறது. உறவைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், தொழிலோடு ஒட்டாத அடையாளங்களைத் தேட வேண்டும். அவை கூட்டுக்குள்தான் கிடைத்தன. மல்வேர்ன் தீனிக்கூட்டுக்கு வரும் ஹவுஸ் ஃபின்ச்சின் கூடு மேலே திறந்த கிண்ணம். முட்டை வெளிர்நீலம், அதில் கரும்புள்ளிகள். நீலச்சில்லையின் கூடோ புல்லால் உருண்டையாக முடைந்து பக்கத்தில் வாசல் வைத்தது. முட்டை அப்பழுக்கற்ற வெள்ளை. நம்மூர்ச் சில்லைகளின் கூடும் முட்டையும் இதே மாதிரிதான்.

முட்டை பொரிந்ததும் இன்னும் தெளிவான சான்று கிடைக்கிறது. சில்லைக் குஞ்சு வாயைத் திறந்தால் அண்ணத்தில் கரும்புள்ளிகள் ஓர் ஒழுங்கில் தெரியும். அலகின் ஓரங்களில் வெள்ளையாகவோ நீலமாகவோ சிறு புடைப்புகள் இருக்கும். இருண்ட உருண்டைக் கூட்டுக்குள் இரை கொண்டுவரும் பெற்றோருக்கு வாய் எங்கே இருக்கிறதென்று அவை காட்டுகின்றன. இந்தக் கோலம் இனத்துக்கு இனம் வேறு. நெருங்கிய இனங்களில் ஒத்த சாயலில் இருக்கும். ஹவுஸ் ஃபின்ச் குஞ்சின் வாயில் இவை கிடையாது. கூடு, முட்டை, குஞ்சின் வாய் மூன்றையும் சேர்த்துப் பார்த்துச் சில்லைகளை எஸ்ட்ரில்டிடே என்ற தனிக் குடும்பமாக வைத்தார்கள். ஆப்பிரிக்கா, தெற்கு ஆசியா, ஆஸ்திரேலியா ஆகிய பகுதிகளில் பரவிய, ஏறத்தாழ 140 இனங்கள் கொண்ட குடும்பம் இது. கடைக் கூண்டில் கத்தும் ஸீப்ரா ஃபின்ச் இதன் ஆஸ்திரேலியக் கிளை. ஹவுஸ் ஃபின்ச்சும் கோல்ட்ஃபின்ச்சும் வேறொரு குடும்பம்.

பின்னர் மரபணுச் சான்று வந்தது. டிஎன்ஏயில் தலைமுறை தலைமுறையாகச் சிறு மாற்றங்கள் சேர்கின்றன. ஒரே மாற்றத்தை இரண்டு இனங்கள் பகிர்ந்துகொண்டால், அது பெரும்பாலும் இரண்டுக்கும் பொதுவான மூதாதையிடமிருந்து வந்தது. ஆயிரக்கணக்கான இடங்களில் இப்படி ஒப்பிட்டு, எந்த இனம் எந்த இனத்திலிருந்து கடைசியாகப் பிரிந்தது என்று கிளை வரைகிறார்கள். குஞ்சின் வாயைப் பார்த்து வரைந்த குடும்ப எல்லையும் டிஎன்ஏ காட்டிய எல்லையும் ஒத்துப்போயின. ஒன்றையொன்று சாராத இரண்டு வழிகள் ஒரே விடை தரும்போதுதான் நாம் உறுதியாக நம்பலாம்.

குஞ்சின் வாய்க்கோலம் எவ்வளவு முக்கியம் என்பதை ஓர் ஏமாற்றுக்காரப் பறவை காட்டிக்கொடுக்கிறது. ஆப்பிரிக்காவில் விடுவா என்றொரு பேரினம் உண்டு. குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுவதை நாம் அறிவோம். விடுவா முட்டையிடுவது சில்லைகளின் கூட்டில். அதன் குஞ்சின் வாய், வளர்க்கும் சில்லைக் குஞ்சின் வாயை மிக நெருக்கமாக ஒத்திருக்கும். ஜெர்மானியப் பறவையியலாளர் யூர்கன் நிக்கோலாய் 1964இல் இதை விரிவாக எழுதினார். ஆண் விடுவா தன்னை வளர்த்த சில்லையின் பாட்டையும் கற்றுக்கொண்டு, வளர்ந்தபின் அதையே பாடும். அதே வகைக் கூட்டில் வளர்ந்த பெண் விடுவா அந்தப் பாட்டைத் தேடி வரும். ஆகவே ஒரு விடுவா பாடுவதைக் கேட்டால், அதை வளர்த்தது எந்தச் சில்லை என்று சொல்லிவிடலாம்.

இந்த வழியில் ஒரு புதிய பறவையே கிடைத்தது. நீலச்சில்லையின் குடும்பத்தில் லாகோனோஸ்டிக்டா என்றொரு ஆப்பிரிக்கப் பேரினம் உண்டு. இதையும் 1851இல் வகுத்தவர் கபானிஸ்தான். ஆண்கள் நெருப்புச் சிவப்பு. விலாவில் பல இனங்களுக்கு நுண்ணிய வெண்புள்ளிகள். தமிழில் தீச்சில்லை எனலாம். நைஜீரியாவின் ஜோஸ் மேட்டுநிலத்தில் வாழும் ஒரு விடுவா, அறியப்பட்ட எந்தத் தீச்சில்லையின் பாட்டோடும் பொருந்தாத பாட்டைப் பாடியது. பாட்டு இருந்தால் அதைக் கற்பித்த பறவை அருகில் எங்கோ இருக்க வேண்டும். அமெரிக்கப் பறவையியலாளர் ராபர்ட் பெயின் அதைத் தேடினார். பாறைக்குன்றுகளின் புற்சரிவில் அந்தப் பறவை கிடைத்தது: முதுகு சிவந்த ஒரு தீச்சில்லை, எந்த நூலிலும் பெயர் பெறாதது. 1998இல் அதற்கு லாகோனோஸ்டிக்டா சாங்குயினோடோர்சாலிஸ், அதாவது குருதிநிற முதுகுள்ள தீச்சில்லை என்று பெயர் வைத்தார்கள். ஒட்டிப்பிழைக்கும் பறவை தன் வளர்ப்புத் தந்தையின் முகவரியைப் பாடிக் காட்டிக் கொடுத்த கதை இது. எனக்குத் தெரிந்த பெயர்சூட்டல்களில் இதைவிட அழகான துப்பறிதல் வேறில்லை.

பேரினம் சரியாக வகுக்கப்பட்டால் ஆராய்ச்சிக்கு அடுத்த கேள்விகள் திறக்கின்றன. ஆண் நீலச்சில்லை ஒரு புல்லை அலகில் கவ்விக்கொண்டு, உடலை நிமிர்த்தி மேலும் கீழும் எம்பியபடி பாடும். பெண்ணும் அதையே செய்யும். வெறும் கண்ணுக்கு அது துள்ளலாகத்தான் தெரியும். ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நாவோ ஓட்டாவும் உடன் ஆய்வாளர்களும் நீலத்தலை நீலச்சில்லையை நொடிக்கு 300 படங்கள் எடுக்கும் கேமராவால் பதிவுசெய்து 2015இல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு துள்ளலுக்குள்ளும் கால்கள் கிளையைப் பலமுறை படபடவென்று தட்டுவது அதில் தெரிந்தது. ஜதி போடுவதுபோல் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அதிலுள்ள விஞ்ஞானம் இன்னும் சுவையானது. பாட்டு, எம்பல், தாளம் மூன்றும் ஆண், பெண் இரண்டிலும் சேர்ந்து வந்திருக்கின்றன. புல் கவ்வி எம்பும் வழக்கம் இக்குடும்பத்தின் வேறு பல இனங்களிலும் உண்டு. எது மூதாதையிடமிருந்து வந்தது, எது இந்தப் பேரினத்தில் புதிதாகச் சேர்ந்தது என்று கேட்க வேண்டுமானால், யார் யாருக்கு உறவு என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

பெங்காலஸ் என்ற பெயர் காட்டிய இந்திய உறவு பொய். ஆனால் இந்தக் குடும்பத்துக்கும் இந்தியாவுக்கும் மெய்யான உறவு இருக்கிறது. வெண்தொண்டைச் சில்லை தமிழ்நாட்டின் முட்புதர்க் காடுகளிலும் இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் சாதாரணம். யூவோடிஸ் என்ற அதன் பேரினத்தில் அதற்கு மிக நெருங்கிய உறவு ஆப்பிரிக்க வெண்சில்லை. இரண்டையும் முன்பு ஒரே இனமாகவே வைத்திருந்தார்கள். பிட்டம் வெண்மையானது நம்முடையது, கருமையானது ஆப்பிரிக்காவினுடையது. மழைக்காலத்தில் சிவந்து மின்னும் செஞ்சில்லையின் பேரினம் அமண்டவா. அதில் மூன்று இனங்கள். இரண்டு ஆசியாவில், ஒன்று ஆப்பிரிக்காவில். அமண்டவா என்ற சொல்லின் மூலம் அகமதாபாத். அங்கிருந்துதான் அந்தக் கூண்டுப்பறவைகள் ஏற்றுமதியாயின. அந்தப் பெயரைப் பேரினத்துக்கு 1836இல் சூட்டியவர், பின்னால் கல்கத்தா போன அதே பிளைத்தான். ஆப்பிரிக்கப் புல்வெளியில் வாழும் ஒரு குருவி, அகமதாபாத்தின் பெயரை முதற்சொல்லாக வைத்திருக்கிறது. முதற்சொல் உறவைச் சொல்வது என்பதால், இங்கே சொல்லப்பட்ட உறவு மெய்.

ஊர்ப்பெயரை ஒட்டவைத்தது பெரும்பாலும் பறவை வணிகம்தான். அது பழங்கதையாகவும் போய்விடவில்லை. மல்வேர்ன் தீனிக்கூட்டில் வந்து உட்காரும் ஹவுஸ் ஃபின்ச் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்குரிய பறவை அன்று. கண்டத்தின் மேற்குப் பகுதியிலிருந்து பிடித்து வந்து நியூயார்க் கடைகளில் ‘ஹாலிவுட் ஃபின்ச்’ என்ற கவர்ச்சிப் பெயரில் விற்றார்கள். 1940 வாக்கில் அந்த வணிகம் சட்டவிரோதம் என்று பிடிபட்டபோது, விற்றவர்கள் கூண்டைத் திறந்துவிட்டார்கள். அவற்றின் வழித்தோன்றல்கள் 1970களில் ஒண்டாரியோ வந்து சேர்ந்தன. கடை வைத்த பெயர் இன்று வழக்கில் இல்லை. ஹீமோரஸ் மெக்ஸிகானஸ் என்ற அறிவியல் பெயரை வைத்துத்தான் அது எங்கே இருந்து எங்கே பரவியது என்று நம்மால் தொடர்ந்து எழுத முடிகிறது.

பறவை நூல்களைத் தமிழில் எழுதுகிறவர்களுக்கும் பிள்ளைகளுக்குப் பறவை காட்டுகிறவர்களுக்கும் இதிலிருந்து ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ‘ஃபின்ச்’ என்பதை அப்படியே எடுத்து எல்லாச் சிறு குருவிக்கும் ஒட்டாதீர்கள். அந்தச் சொல் அலகைப் பார்த்து வந்தது, உறவைப் பார்த்து வந்ததன்று. நம்மிடம் சில்லை என்ற நல்ல சொல் இருக்கிறது. எஸ்ட்ரில்டிடே குடும்பத்துக்கு அதை முழுதாகக் கொடுப்போம். நீலச்சில்லை, தீச்சில்லை, வெண்சில்லை, ஸீப்ரா ஃபின்ச்சுக்கு வரிச்சில்லை என்று சொன்னால், ஸ்காபரோக் கூண்டில் இருப்பதும் கென்யாத் தோட்டத்தில் இருப்பதும் வன்னி வயலில் இருப்பதும் ஒரே குடும்பம் என்று ஒரு பிள்ளைக்குப் பெயரிலேயே புரியும். தீனிக்கூட்டுக்கு வருவது வேறு குடும்பம் என்பதும் புரியும். ஒருமுறை வைத்த பெயரைப் பிறகு மாற்றாமல் காப்போம். பொருளை நாளடைவில் எவ்வளவு வேண்டுமானாலும் திருத்தலாம். பெயர் நிலையாக இருந்தால்தான் எதைத் திருத்துகிறோம் என்பது அடுத்த தலைமுறைக்குத் தெரியும்.